18 வயதில் இல்லத்தை விட்டு வருகிறவர்களுக்குத் தையல் இயந்திரம் போதுமா?

கேள்வி: லண்டனில் வசிக்கும் கிளிநொச்சிப் பழைய மாணவர்கள் நாங்கள். வன்னியிலுள்ள சிறுவர் இல்லங்களுக்குச் சாப்பாட்டுச் செலவுக்கென்று சில ஆண்டுகளாகக் காசு அனுப்பி வருகிறோம். இனி, 18 வயதாகி இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று எண்ணுகிறோம். பெண்பிள்ளைகளுக்குத் தையல் இயந்திரம், ஆண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் என்பது இப்போதைய யோசனை. உண்மையில் அவர்களுக்கு இருக்கும் சிக்கல்கள் என்ன?

பதில்:

யோசனையில் பிழை இல்லை. ஆனால் பொருள் கொடுப்பது இரண்டாவது வேலை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இல்லங்களிலிருந்து வெளியே வந்த பிள்ளைகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். வெளியே வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையிடம் ஊர் கேட்பது ஒரே கேள்விதான்: "உனக்கு யார் இருக்கிறார்கள்?" வாடகைக்கு அறை கேட்டால் வீட்டுக்காரர் அதைக் கேட்கிறார். கடையில் வேலைக்குச் சேரப் போனால் முதலாளி கேட்கிறார். வங்கி அதையே பிணையாளி என்ற பெயரில் கேட்கிறது. கல்யாணப் பேச்சு வந்தால் மாப்பிள்ளை வீட்டார் வேறெதையும் கேட்பதற்கு முன் இதைத்தான் கேட்கிறார்கள். தையல் இயந்திரத்தால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நீங்கள் செய்ய நினைக்கும் உதவி எதுவானாலும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைய வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடுகிறேன். இல்லத்தில் இருப்பவர்கள் எல்லோரும் தாயும் தந்தையும் இல்லாதவர்கள் என்று வெளிநாட்டில் பலர் நினைக்கிறார்கள். போர் முடிந்த காலத்தில் அப்படிப்பட்ட பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். இன்று இல்லங்களில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார். தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் போயிருப்பார், தகப்பன் வேறு குடும்பமாகியிருப்பார், குடி இருக்கும், வீட்டுக்குள்ளேயே பிள்ளைக்குப் பாதுகாப்பு இருந்திராது. அல்லது வெறும் வறுமை: மூன்று வேளைச் சாப்பாடும் பள்ளிக்கூடமும் கிடைக்குமே என்று கொண்டுவந்து விட்டிருப்பார்கள். போரின் பிள்ளைகளும் இன்னும் முடிந்துவிடவில்லை. 2009 தொடக்கத்தில் பங்கருக்குள்ளும் தறப்பாள் கொட்டிலிலும் பிறந்த குழந்தைக்கு 2027இல்தான் 18 ஆகிறது.

வன்னியில் இல்லத்தை விட்டு வருகிறவர் தனியே அறை எடுத்து வாழத் தொடங்குவது குறைவு. பெரும்பாலும் உறவிடம் திரும்பிப் போகிறார். பெரிய இடறல் அங்கேதான் இருக்கிறது. ஏழெட்டு வயதில் விட்டுப்போன பிள்ளை 18 வயதில் திரும்பி வரும்போது வீட்டில் தாயின் புதிய கணவராகச் சிற்றப்பா என்று ஒருவர் இருப்பார், முகம் தெரியாத தம்பி தங்கைகள் இருப்பார்கள். போருக்குப் பின் இந்திய அரசு கொடுத்த வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபாவுக்குக் கட்டிய இரண்டு அறை வீட்டில் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு மூலை இராது. இல்லத்திலிருந்த காலத்தில் தாய் ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ கூட்டிப் போயிருப்பார். விருந்தாளியாகத் தங்கிய வீட்டில் திடீரென்று நிரந்தரமாகத் தங்குவது இரு தரப்புக்கும் சிரமம். சில மாதத்தில் வாய்த்தர்க்கம் வரும். ஆண்பிள்ளை கொழும்புக் கடைக்குப் போவான். பெண்பிள்ளைக்கு அவசரமாக ஒரு கல்யாணம் பேசப்படும். எந்த உறவிடம் அனுப்புவது என்பதை இரண்டு மூன்று ஆண்டுக்கு முன்பே யோசித்து, விடுமுறைகளில் அங்கே தங்கவிட்டுப் பழக்கினால் இதில் பாதியைத் தவிர்க்கலாம். அம்மாவின் வீடு சரிவராவிட்டால் அம்மம்மாவின் வீடோ பெரியம்மாவின் வீடோ சரிவரலாம். 18ஆவது பிறந்தநாளுக்கு முந்திய மாதம் உறவுக்காரரைத் தேடத் தொடங்குவது மிகவும் பிந்திய வேலை.

சட்டம் சொல்வது சுருக்கமானது. 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் பராய வயதை, அதாவது சட்டப்படி வளர்ந்தவராகும் வயதை, 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு விடயங்கள் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு மாகாணங்களுக்கு வந்துவிட்டதால் வடக்கில் இவற்றைப் பார்ப்பது மாகாணத் திணைக்களம். 18 நிறைந்ததும் கோப்பு மூடப்படுகிறது. அந்தக் கோப்பைப் பார்த்துவந்த அரச அலுவலரான நன்னடத்தை உத்தியோகத்தர் நல்ல மனமுள்ளவராக இருந்தால் அதன் பிறகும் தொலைபேசியில் விசாரிப்பார், அவ்வளவுதான். பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளின் மாற்றுப் பராமரிப்புக்கென்று 2019இல் ஒரு தேசியக் கொள்கை வந்தது. பராமரிப்பை விட்டு வெளியேறும் பிள்ளையை முன்கூட்டியே ஆயத்தப்படுத்த வேண்டும், கூடுமானவரை ஒவ்வொருவருக்கும் துணையாக ஒரு ஆளை நியமிக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டல்களும் சொல்கின்றன. நீங்கள் இருக்கும் இங்கிலாந்தில், வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தவர் இரு தரப்பும் விரும்பினால் 21 வயது வரை அங்கேயே தங்க 2014ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. 25 வயது வரை தனி ஆலோசகர் ஒருவரைக் கேட்டுப் பெறும் உரிமையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது. அங்கேயும் குறைகள் இருக்கும். ஆனாலும் 18 என்பது மூடும் கதவாக இருக்கக்கூடாது என்பதை அந்த நாட்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நம் நாட்டில் இந்த 18 எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். ஐந்து வயதில் முதலாம் வகுப்புக்குப் போன பிள்ளை 13 ஆண்டுப் படிப்பை முடித்து உயர்தரப் பரீட்சை எழுதும்போது 18ஐத் தொட்டிருக்கும் அல்லது தாண்டியிருக்கும். இல்லத்துக்கு வரும் பிள்ளைகளில் பலர் வரும் முன்பே ஓராண்டு ஈராண்டு படிப்பைத் தவறவிட்டவர்கள். அதன்மேல் பரீட்சையும் பிந்தியது: 2022க்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது, 2023க்குரியது 2024 ஜனவரியில் நடந்தது. பெறுபேறு வந்து, அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வந்து, பல்கலைக்கழக வாசலை மிதிக்க இன்னும் பல மாதம். அந்த இடைவெளியில் பிள்ளை எங்கே தங்குவது? பல இல்லங்களில் நிருவாகம் கண்டும் காணாததுபோலப் பரீட்சை முடியும் வரை வைத்திருக்கிறது. அது அவர்களின் பெருந்தன்மை. நிருவாகம் மாறினால் அதுவும் மாறும். 11ஆம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடையாத பெண்பிள்ளையின் நிலை இன்னும் மோசம். "இனி இங்கே இருந்து என்ன செய்வது" என்று 16, 17 வயதிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவது நடக்கிறது.

இங்கே பெற்றோர் கவனிக்காத, இல்லங்களும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பகுதி மாவட்ட அடிப்படையில் நடக்கிறது. வன்னியின் நான்கு மாவட்டங்களும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன. அதனால் கிடைக்கும் வாய்ப்பு கணிசமானது. ஆனால் மாவட்டத்தைத் தீர்மானிப்பது பிள்ளை பிறந்த ஊர் இல்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டில் படித்த பாடசாலையே அதைத் தீர்மானிக்கிறது. முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காய்ப் பிள்ளை யாழ்ப்பாணத்து இல்லமொன்றில் இருந்து அங்கே படித்தால் யாழ்ப்பாணத்து மாணவர்களோடுதான் போட்டி போட வேண்டும். உயர்தரத்தை எங்கே படிப்பது என்று தீர்மானிக்கும்போது யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் ஒரு அண்ணனோ மாமாவோ இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

இனிக் காகிதங்கள். தேசிய அடையாள அட்டைக்கு 15 வயதிலேயே விண்ணப்பிக்கலாம். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், கிராம அலுவலரின் அல்லது அதிபரின் கையொப்பம் வேண்டும். வன்னியில் 2008, 2009 காலத்தில் சான்றிதழைப் பையோடு தொலைத்தவர்கள் ஏராளம், பதிவே நடக்காதவர்களும் இருக்கிறார்கள். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்குத் தாய் கையொப்பமிட வேண்டிய இடத்தில் தாய் குவைத்தில் இருப்பார். பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கும்: பாடசாலைப் பதிவில் ஒன்று, நீதிமன்றக் கட்டளையில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. பழைய படிவத்துப் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்று ஒரு கூடு (கட்டம்) இருக்கிறது. போர்க்காலத்தில் பதியாமல் குடும்பமானவர்களின் பிள்ளைகளுக்கு அதில் "இல்லை" என்று எழுதியிருக்கும். பிரதேச செயலகத்து மேசைக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை சான்றிதழைக் கொடுக்கும்போது அந்தக் கூட்டின் மேல் பெருவிரலை வைத்து மறைத்தபடி நீட்டியதைப் பார்த்திருக்கிறேன். எழுதுவினைஞர் அதைக் கவனிக்கவே இல்லை, அவருக்கு வேண்டியது இலக்கம் மட்டும்.

தகப்பன் காணாமல்போனவர் என்றால் சிக்கல் இன்னும் ஆழம். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி காணாமல்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம். 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமலே அவர் காணாமல்போயிருக்கிறார் என்று ஒரு சான்றிதழ் பெறவும் வழி செய்தார்கள். காணி, வங்கிக் கணக்கு, கொடுப்பனவு ஆகியவற்றுக்கு இவற்றில் ஒன்று தேவைப்படும். அப்பாவைத் தேடி, காணாமல்போனவர்களின் உறவுகள் போராடும் வீதியோரப் பந்தலில் ஆண்டுக்கணக்காக இருக்கும் அம்மம்மா ஒருபுறம், "ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு வா" என்று சொல்லும் அலுவலகம் மறுபுறம். 18 வயதுப் பிள்ளை இதை எப்படித் தனியாகத் தீர்மானிப்பது?

காணியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் வன்னியில் ஒருவருக்கு ஊர் என்று ஒன்று இருப்பது காணியால்தான். வட்டக்கச்சி, தருமபுரம், விசுவமடு, முத்தையன்கட்டு என்று குடியேற்றத் திட்டங்களாக வந்த ஊர்கள் இங்கே அதிகம். அங்கே காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரத்தில் இருப்பவை. அனுமதிப்பத்திரம் வைத்திருந்தவர் இறந்தால், அவர் பின்னுரித்தாளராகப் பெயர் குறித்தவர் ஆறு மாதத்துக்குள் காணியில் இருப்பெடுக்க, அதாவது அதைத் தன் கையில் எடுத்துக்கொள்ள, வேண்டும் என்பது சட்டம். முகாமிலும் பிறகு இல்லத்திலும் இருந்த சிறுபிள்ளை எந்த இருப்பை எடுத்திருக்கும்? பெயர் குறிக்காமல் இறந்தால் ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை என்றிருந்த ஒழுங்கை 2022இல்தான் திருத்தினார்கள். பிள்ளை வளர்ந்து வரும்போது சித்தப்பா அந்த வளவில் வீடு கட்டி, தென்னை வைத்து, காய்க்கவும் தொடங்கியிருக்கும். சித்தப்பாவை வில்லனாகப் பார்க்கத் தேவையில்லை, காணியைக் காடுபற்றவிடாமல் வைத்திருந்தவர் அவர். வழக்குக்குப் போனால் இருக்கிற ஒரே உறவும் போய்விடும். பிள்ளைக்கு 15, 16 வயதாக இருக்கும்போதே பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, உறவினரோடு உட்கார்ந்து பேசி ஒரு துண்டையாவது பிரித்துவிட்ட இடங்களில் காரியம் சுமுகமாக முடிந்திருக்கிறது.

அன்றாட வாழ்க்கையில் வரும் தடுமாற்றங்களை வெளியிலிருப்பவர்கள் ஊகிப்பது கடினம். இல்லத்தில் வளர்ந்த ஒரு பெண்பிள்ளை அறுபது பேருக்குக் கிடாரத்தில் சோறு வடிப்பாள், பருப்புக்கு எத்தனை தேங்காய் என்று கண்ணாலேயே சொல்வாள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வாடகை அறைக்கு வந்த முதல் கிழமை, தனக்கு ஒரு வேளைக்கு அரைச் சுண்டு அரிசி போதும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. மூன்று சுண்டு போட்டு, மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றி வைத்து, இரண்டு நாள் பழஞ்சோறு சாப்பிட்டாள். தேங்காய் என்ன விலை என்று அதற்கு முன் அவள் கேட்டதே இல்லை. யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்கோ ஆண்டுத்திவசத்துக்கோ வந்த சாப்பாடு, மணி அடித்தால் வந்த சாப்பாடு. கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் அனுப்பும் சாப்பாட்டுக் காசையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாதத்தில் ஒரு நாளாவது பெரிய பிள்ளைகள் கையில் காசைக் கொடுத்துக் கிளிநொச்சிச் சந்தைக்கு அனுப்பி, மிச்சக் காசுக்குக் கணக்குக் கேட்கும் இல்லங்களும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் வெளியே வந்து சமாளிப்பதில் வித்தியாசம் தெரிகிறது.

காசைக் கையாளத் தெரியாததன் பெரிய விளைவு கடன். முதல் சம்பளம் வந்த மாதமே ஆண்பிள்ளைக்கு லீசிங்கில், அதாவது தவணைக் கடனில், மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொடுக்க ஆள் வரும். இரண்டு தவணை தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், கட்டிய காசும் போகும். பெண்பிள்ளையை நுண்கடன் குழுவில் இன்னொருவருக்காகக் கையொப்பமிட வைப்பார்கள். "அக்கா" என்று ஒருவர் அன்பாகப் பேசினாலே நெகிழ்ந்துபோகும் மனம் அது, மறுக்கத் தெரியாது.

வேலை கிடைக்கவில்லை என்பதைவிட, கிடைத்த வேலையில் தரிக்க முடியவில்லை என்பதே நான் அதிகம் கண்டது. கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பக்கமும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, கிராமங்களுக்குப் பஸ் விட்டு ஆளெடுக்கிறார்கள். தொழில் பழக விரும்பினால் 2016இல் அறிவியல் நகரில் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும் இருக்கின்றன. கற்கைநெறி இலவசமாக இருந்தாலும் தங்குமிடமும் இரவுச் சாப்பாடும் யார் கொடுப்பது? புதுக்குடியிருப்பிலிருந்து நாளாந்தம் பஸ்ஸில் வந்துபோகும் பிள்ளைக்கு வீட்டில் ஒருவர் விடியற்காலை எழும்பிச் சோறு கட்டிக் கொடுப்பார். இல்லத்திலிருந்து வந்தவர் மூன்றாம் மாதம் படிப்பை விட்டுவிட்டு மேசன் வேலைக்குக் கூலியாகப் போய்விடுகிறார். உங்கள் தையல் இயந்திரமும் இப்படித்தான். சொந்தமாக ஒரு மூலை இல்லாதவருக்கு அதை வைக்க இடமில்லை. வைத்தாலும், ஊரில் யாரையும் தெரியாதவரிடம் யார் சட்டை தைக்கக் கொடுப்பார்கள்? ஓராண்டு கழித்து, அவர் ஒரு இடத்தில் ஊன்றிய பிறகு கொடுங்கள், அப்போது பயன்படும்.

இன்னொன்றும் இருக்கிறது. அண்ணன் ஒரு இல்லத்தில், தங்கைகள் வேறு இல்லத்தில் என்று பிரித்து வைத்திருப்பது வழக்கம், ஏனென்றால் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இல்லங்கள் வேறு. 18 வயதில் வெளியே வரும் மூத்தவனின் தலையில் உள்ளே இருக்கும் இரண்டு தங்கைகளின் பாரமும் இருக்கும். உழைத்து ஒரு வீடு எடுத்து அவர்களைக் கூட்டிவர வேண்டும் என்று அவசரப்படுவான். படிப்பை விடுவதற்கும் வட்டிக்கு வாங்குவதற்கும் பல வேளை காரணம் இதுதான், ஆனால் அவன் அதைச் சொல்லமாட்டான்.

பெண்பிள்ளைகளின் கல்யாணத்தைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. இல்லத்துப் பிள்ளை என்றால் சீதனம் கேட்காமல் செய்கிறோம் என்று வருபவர்களை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பிரச்சினை வந்தால் போய் நிற்க அவளுக்குத் தாய்வீடு இல்லை என்பதைக் கணக்கிட்டே சிலர் வருகிறார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? என்னைக் கேட்டால், கிளிநொச்சி நகரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள், முதலில் பெண்பிள்ளைகளுக்கு. இல்லத்துக்கும் தனி வாழ்க்கைக்கும் இடையில் ஓராண்டு, வேண்டுமென்றால் இரண்டு ஆண்டு தங்கட்டும். சமையலும் கணக்கும் அவர்களே பார்க்கட்டும், வேலைக்குப் போகிறவர் சிறு தொகை வாடகையும் கொடுக்கட்டும். பெயர்ப்பலகை வேண்டாம். அந்த வீட்டோடு ஒரு ஆள் வேண்டும். இல்லத்தில் வளர்ந்து இப்போது முப்பது வயதில் பிள்ளைகுட்டிகளோடு இருக்கும் ஒரு அக்காவைத் தேடினால் கிடைப்பார். அவருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். பிரதேச செயலகத்துக்குக் கூடப் போவது, வீட்டுக்காரரிடம் பேசுவது, தொழிற்சாலை மனிதவளப் பிரிவில் "நான் இந்தப் பிள்ளையின் ஆள்" என்று கையொப்பமிடுவது, காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது எல்லாம் அவர் வேலை. வெளிநாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் அறிவுரை சொல்லும் பத்துப் பேரைவிட இப்படி ஒருவர் போதும். பிள்ளைகளின் படத்தை முகநூலில் போடுவதையும் இந்த முறையோடு நிறுத்திவிடுங்கள். 19 வயதில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் பழைய படம் ஒன்று சுற்றி வந்ததால் வேலையை விட்டவரை எனக்குத் தெரியும்.

பண்டிகை நாட்களையும் மறந்துவிடாதீர்கள். தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் தொழிற்சாலை பூட்டும், கூட இருக்கும் பிள்ளைகள் உடுப்புப் பையோடு பஸ் ஏறிவிடுவார்கள். போக இடமில்லாதவர் அன்றைக்குத் திரும்ப இல்லத்து வாசலுக்கே போய் நிற்பார். சில இல்லங்களில் "வா" என்பார்கள், சில இல்லங்களில் உள்ளே சிறுபிள்ளைகள் இருப்பதால் வெளியாரைத் தங்கவைக்க முடியாது என்பார்கள். அதற்கும் நியாயம் உண்டு. உங்கள் பழைய மாணவர்களில் எத்தனை பேருக்கு ஊரில் பெற்றோர் தனியே இருக்கிறார்கள்? பரந்தனிலோ அக்கராயனிலோ இருக்கும் ஒரு அம்மா, நன்கு விசாரித்துத் தெரிந்துகொண்ட ஒரு பிள்ளையை ஆண்டுக்கு மூன்று முறை பொங்கலுக்கும் விரதச் சாப்பாட்டுக்கும் கூப்பிட்டால் அதற்குச் செலவு என்று எதுவும் இல்லை. அடுத்த முறை வீட்டுக்காரர் "உனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கும்போது சொல்ல ஒரு பெயர் இருக்கும்.

அடுத்த மாதம் காசு அனுப்பும்போது இல்லப் பொறுப்பாளரிடம் மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள். இந்த ஆண்டு 17 வயதாகிறவர்கள் யார் யார், அவர்களில் அடையாள அட்டையும் தங்கள் பெயரில் வங்கிப் புத்தகமும் இல்லாதவர்கள் எத்தனை பேர், கடந்த மூன்று ஆண்டில் வெளியேறியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள். மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் முதலாம் ஆண்டுக் காசை அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே செலவிடுங்கள்.